மூளையைப் படிக்க எந்தப் பட்டம்? தென்காசி அம்மா ஒருவருக்குப் பதில்

அன்புள்ள அம்மா,

நான்கு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அதில் மூன்று பக்கம் நீட் தேர்வைப் பற்றியது. மகளின் ஆசை கடைசிப் பக்கத்தின் அடியில் இடுக்கி எழுதப்பட்டிருக்கிறது: "மூளையும் மனசும் எப்படி வேலை செய்கிறது என்று படிக்க வேண்டுமாம். டாக்டர் ஆக வேண்டாமாம். இதற்கு என்ன டிகிரி? படித்தால் கீழ்ப்பாக்கத்தில்தான் வேலையா?" இந்த வரிகளுக்குத்தான் நான் பதில் எழுதப்போகிறேன்.

கீழ்ப்பாக்கத்தை முதலில் முடித்துவிடுவோம். ஓர் ஊரின் பெயரையே வசவாக மாற்றி வைத்திருக்கிறோம். 1794இல் தொடங்கிய மனநல மருத்துவமனை அது. 1961இல் அதன் முதல் பெண் கண்காணிப்பாளராகப் பொறுப்பேற்றவர் டாக்டர் சாரதா மேனன். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று அறியப்பட்டவர். பின்னாளில் மனச்சிதைவு நோயாளிகளுக்காக ஸ்கார்ஃப் அமைப்பை 1984இல் சென்னையில் தொடங்கினார். 1992இல் பத்ம பூஷண் பெற்றார். உங்கள் மகளுக்குக் கீழ்ப்பாக்கத்தில் வேலை கிடைத்தால் எனக்கு ஒரு கிலோ திருநெல்வேலி அல்வா அனுப்பிவையுங்கள்.

இனி பட்டத்துக்கு வருவோம். சிவில் என்ஜினீயர் ஆக பி.இ. சிவில், ஆடிட்டர் ஆக சி.ஏ. என்று நாம் பழகிவிட்டோம். மூளை அறிவியலுக்கு அப்படி ஒரே வாசல் கிடையாது. மூளைக்கென்றே தனியாகப் படிப்பது பெரும்பாலும் முதுநிலையிலும் முனைவர் பட்டத்திலும்தான். இளநிலையில் போடுவது அஸ்திவாரம் மட்டும். அதை எந்தக் கல்லில் போடுவது என்பதுதான் இப்போது உங்கள் முன்னால் இருக்கும் கேள்வி.

வி.எஸ்.ராமச்சந்திரனைப் பற்றி மகள் படித்திருப்பாள். கையை இழந்தவருக்கு இல்லாத கையில் வலி எடுக்கும். ஒரு கண்ணாடிப் பெட்டியை வைத்து அந்த வலியைக் குறைக்க வழி காட்டியவர் அவர். சென்னை ஸ்டான்லியில் எம்.பி.பி.எஸ். படித்துவிட்டு, கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்றவர். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் மூளை ஆய்வாளராக இருக்கும் மிருகங்கா சுர், கான்பூர் ஐ.ஐ.டி.யில் மின் பொறியியல் படித்தவர். மன அழுத்தம் மூளை செல்களை என்ன செய்கிறது என்று பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் (என்.சி.பி.எஸ்.) பல ஆண்டுகள் ஆராய்ந்த சுமந்த்ர சட்டர்ஜி, அதே கான்பூரில் இயற்பியல் படித்தவர். மூவரும் வேறு வேறு வாசல் வழியாக நுழைந்தவர்கள். "உளவியல் கிடைக்காவிட்டால் எல்லாம் போச்சு" என்று அழ வேண்டியதில்லை என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

மகளிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். துன்பத்தில் இருக்கும் ஒரு மனிதர் எதிரே உட்கார, அவர் பேசுவதைக் கேட்கும் வேலை வேண்டுமா? அல்லது செல், மூளையின் மின் அலை, எலி, கணினி, தரவு இவற்றோடு இருக்கும் வேலை வேண்டுமா? இரண்டும் "மூளை, மனம்" என்ற ஒரே பெயர்ப்பலகைக்குக் கீழே இருக்கின்றன. ஆனால் படிப்பும் உரிமமும் சம்பளம் வரும் வழியும் வேறு.

முதல் விடை என்றால் பி.எஸ்சி. அல்லது பி.ஏ. உளவியல். சென்னையில் மாநிலக் கல்லூரியிலும் மகளிர் கிறித்தவக் கல்லூரியிலும் இந்தத் துறை உண்டு. பொதுவாக எந்தப் பிரிவில் பிளஸ் டூ முடித்தவர்களும் சேரலாம். ஆனால் இந்தப் பட்டத்தோடு நின்றால் யாருக்கும் சிகிச்சை அளிக்க முடியாது. இதை நான் எத்தனை பெற்றோருக்குச் சொல்லியிருக்கிறேன் என்று கணக்கே இல்லை. "மருத்துவ உளவியலாளர்" என்று பெயர்ப்பலகை வைக்க, இந்திய மறுவாழ்வு கவுன்சில் என்ற ஆர்.சி.ஐ. அங்கீகரித்த படிப்பும் அதன் பதிவும் வேண்டும். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும் மருத்துவ உளவியலாளர் யார் என்பதற்கு வரையறை வைத்திருக்கிறது.

இதுவரை அந்தப் பாதை இப்படித்தான் இருந்தது: உளவியலில் இளநிலை, பிறகு முதுநிலை, அதற்கு மேல் மருத்துவமனையில் இரண்டாண்டுப் பயிற்சியோடு எம்.ஃபில். பெங்களூரில் உள்ள தேசிய மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸில் அந்த இடம் கிடைத்தால் வீட்டில் திருவிழாதான். இப்போது இந்தப் பாதை மாறிக்கொண்டிருக்கிறது. எம்.ஃபில். பட்டத்தையே பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. 2022இல் நிறுத்திவிட்டது. மருத்துவ உளவியலுக்கும் மனநலச் சமூகப்பணிக்கும் மட்டும் 2025-26 வரை நீட்டிப்புக் கொடுத்தது. அதற்குப் பதிலாக, இளநிலையிலேயே தொடங்கும் நான்காண்டு மருத்துவ உளவியல் ஹானர்ஸ் உள்ளிட்ட புதிய படிப்புகளை ஆர்.சி.ஐ. வகுத்திருக்கிறது. எனவே உங்கள் பக்கத்து வீட்டு அக்கா பத்து வருடத்துக்கு முன் போன வழியை அப்படியே நம்பாதீர்கள். கல்லூரி எதுவானாலும், "இந்தப் படிப்புக்கு ஆர்.சி.ஐ. அங்கீகாரம் உண்டா, எந்த ஆண்டு வரை?" என்று கேளுங்கள். வாய்ப் பேச்சு வேண்டாம், கடிதத்தைக் கண்ணால் பாருங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண் என்னிடம் வந்தார். ஓராண்டு டிப்ளமோ ஒன்றுக்கு நகையை அடகு வைத்துப் பணம் கட்டியிருந்தார். சான்றிதழ் தங்க எழுத்தில் பளபளத்தது. வேலை கேட்டுப் போன மருத்துவமனையில் அவரிடம் கேட்டது ஒன்றே ஒன்று: பதிவு எண். அது அவரிடம் இல்லை. நடத்தியவர்களிடம் கேட்டதற்கு, "நாங்கள் பதிவு உண்டு என்று சொல்லவே இல்லையே" என்றார்களாம். சொல்லவில்லைதான். அவரும் கேட்கவில்லை.

இதே கணக்கில் இன்னொன்று. வீட்டிலிருந்தபடியே தொலைநிலையில் உளவியல் படிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியாது. 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து உளவியலைத் தொலைநிலையிலோ இணையவழியிலோ நடத்தக் கூடாது என்று யு.ஜி.சி. உத்தரவிட்டிருக்கிறது. யாராவது சேர்த்துக்கொள்கிறேன் என்றால் அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

வேலை இருக்கிறதா என்றால், முன்பைவிட இருக்கிறது. நூறு மாணவரோ அதற்கு மேலோ படிக்கும் கல்வி நிறுவனங்கள் தகுதியான ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரையாவது நியமிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் சொல்லியிருக்கிறது. எத்தனை பள்ளிகள் உடனே செய்யும் என்று கேட்டால் நான் சிரிப்பேன். ஆனாலும் கதவு திறந்திருக்கிறது.

பட்டம் முடித்த கையோடு சம்பளம் வந்தே ஆக வேண்டும் என்ற குடும்ப நிலை என்றால், பேச்சு-செவித்திறன் படிப்பையும் செயல்முறை மருத்துவம் என்னும் ஆக்குபேஷனல் தெரபி படிப்பையும் பாருங்கள். பக்கவாதத்தில் பேச்சிழந்தவரைப் பேச வைப்பதும், ஆட்டிசம் உள்ள குழந்தைக்குக் கைவேலை பழக்குவதும் மூளையோடு செய்யும் வேலைதான். மைசூரில் 1965இல் தொடங்கிய அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனம் இதில் மூத்தது. சென்னைக்குப் பக்கத்தில் முட்டுக்காட்டில் மத்திய அரசின் மாற்றுத்திறனாளிகள் நிறுவனம் இருக்கிறது. ஏனோ நம் ஊரில் இவற்றை யாரும் முதல் விருப்பமாகச் சொல்வதில்லை. எனக்கு அது புரிந்ததே இல்லை.

நீட்? எழுதட்டும். எம்.பி.பி.எஸ். ஐந்தரை ஆண்டு. மனநல மருத்துவம் என்றால் மேலும் மூன்று. நரம்பியல் நிபுணர் என்றால் எம்.டி. முடித்து அதற்கு மேலும் மூன்று. நோயாளியைப் பார்க்கப் பிடிக்காத பிள்ளையை அதற்குள் தள்ளினால் அந்தப் பன்னிரண்டு வருடமும் அவளுக்குச் சுமை. அவள் வேண்டாம் என்று சொல்வதாக நீங்கள்தான் எழுதியிருக்கிறீர்கள்.

இனி வருவதை மகள் கையில் கொடுங்கள்.

பாப்பா, நீ இரண்டாவது விடையைத்தான் சொல்வாய் என்று நினைக்கிறேன். கணிதமும் உயிரியலும் சேர்த்துப் படிக்கிறாயாம், நல்லது. ஐசர் என்னும் இந்திய அறிவியல் கல்வி, ஆய்வு நிறுவனங்கள் நாட்டில் ஏழு இடங்களில் இருக்கின்றன. ஐந்தாண்டு பி.எஸ்.-எம்.எஸ். படிப்பு. நுழைவுத் தேர்வுக்கு ஐ.ஏ.டி. என்று பெயர். மூன்று மணி நேரம், 60 கேள்வி. உயிரியல், வேதியியல், கணிதம், இயற்பியல் ஒவ்வொன்றிலும் 15. கணிதத்தை விட்ட நீட் மாணவர்களும் உயிரியலை விட்ட ஜே.இ.இ. மாணவர்களும் அங்கே ஒரு காலில் நிற்பார்கள். உனக்கு இரண்டு காலும் இருக்கிறது. கேள்வித்தாள் தமிழில் வராது, என்.சி.இ.ஆர்.டி. புத்தகங்களை ஆங்கிலத்தில் இப்போதே புரட்டத் தொடங்கு. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் நான்காண்டு பி.எஸ். படிப்புக்கும் இந்தத் தேர்வு ஒரு வழி. அங்கே 2009 முதல் நரம்பியல் அறிவியலுக்கென்றே ஒரு மையம் இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையத்தையும் தேடிப் பார். கருப்பருவத்திலேயே இறந்த சிசுக்களின் மூளைகளை 5,132 சீவல்களாக்கிப் படம் எடுத்து, முப்பரிமாணத்தில் தொகுத்து 2024 டிசம்பரில் வெளியிட்டார்கள். அதற்கு "தரணி" என்று பெயர்.

இடம் கிடைக்கவில்லை என்றால் உலகம் முடியாது. பாளையங்கோட்டையில் விலங்கியலோ இயற்பியலோ படி. அல்லது உளவியல் படி. எதைப் படித்தாலும், சேரும் முன் பாடத்திட்டத்தை வாங்கி நான்கு சொற்களைத் தேடு: புள்ளியியல், ஆய்வு முறை, உயிரியல் சார்ந்த உளவியல் அல்லது நரம்பு உடலியல், ஆய்வகம். இவற்றில் எது இல்லையோ அதை நீயாகக் கற்றுக்கொள்ள வேண்டும். ஐ.ஐ.டி.கள் இணையத்தில் நடத்தும் என்.பி.டெல் பாடங்களை இலவசமாகவே கேட்கலாம். பைத்தான் என்ற கணினி மொழி கொஞ்சம் எழுதத் தெரிந்திருக்க வேண்டும். உளவியல் சேரும் பிள்ளைகள் பாதிப் பேர் கணக்கிலிருந்து தப்பிப்பதாக நினைத்துச் சேர்கிறார்கள். இரண்டாம் ஆண்டில் புள்ளியியல் வந்து அவர்களைப் பிடித்துக்கொள்கிறது.

இளநிலை படிக்கும்போது அறிவியல் அகாதமிகள் நடத்தும் கோடைக்கால ஆய்வு உதவித் திட்டத்துக்கு விண்ணப்பி. இரண்டு மாதம் ஒரு நல்ல ஆய்வகத்தில் இருந்தால், இந்த வேலை உனக்குப் பிடிக்கிறதா என்று தெரிந்துவிடும். பிடிக்கவில்லை என்று தெரிவதும் லாபம்தான். அதன் பிறகு அலகாபாத் பல்கலைக்கழகத்தின் நடத்தை, அறிதிறன் அறிவியல் மையம், காந்திநகர் ஐ.ஐ.டி.யின் அறிதிறன் அறிவியல் முதுநிலை, ஹரியானா மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையம் என்று வழிகள் விரியும். அவற்றை இப்போதே மனப்பாடம் செய்ய வேண்டாம்.

மறுபடியும் அம்மாவுக்கு.

"இத்தனை வருடம் யார் பணம் கட்டுவது" என்று கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்வி. முனைவர் பட்டம் வரைக்கும் போனால் மொத்தம் பத்து வருடம் ஆகலாம், மறைக்கவில்லை. ஆனால் அதில் பின்பாதிக்கு நீங்கள் கட்ட வேண்டியதில்லை. நெட் என்னும் தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகை பெற்றால் மாதம் 37,000 ரூபாய், இரண்டு ஆண்டுக்குப் பின் 42,000 ரூபாய் உதவித்தொகை. உயிரியல் மாணவர்களுக்கு சி.எஸ்.ஐ.ஆர். நெட், உளவியல் மாணவர்களுக்கு யு.ஜி.சி. நெட். முன்பாதிக்கு, மகள் ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் தமிழகக் கல்லூரியில் சேர்ந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். பள்ளித் தலைமையாசிரியரிடம் சான்றுகளை இப்போதே கேட்டு வையுங்கள். ஜூன் மாதம் கூட்டத்தில் நிற்க வேண்டாம்.

கடைசியாக, "பெண் பிள்ளையை அவ்வளவு தூரம் எப்படி அனுப்புவது." அந்த ஏழு ஐசரில் ஒன்று திருவனந்தபுரம். பெயர்தான் திருவனந்தபுரம், வளாகம் இருப்பது பொன்முடி மலையடிவாரத்தில், விதுராவில். செங்கோட்டை தாண்டி, தென்மலை, குளத்துப்புழை வழியாகப் போனால் உங்கள் ஊர் மலைக்கு மறுபக்கம். குற்றாலத்தில் சாரல் விழும் நாட்களில் அங்கே கொட்டோ கொட்டென்று கொட்டும். நல்ல குடையாக ஒன்று வாங்கிக் கொடுங்கள்.