சயாம் ரயில்பாதையில் நம்மவர்கள்

அன்புள்ள ஐயாவுக்கு,

நான் தர்மபுரியில் முதுகலை வரலாறு படிக்கிறேன். எங்கள் வகுப்பிலிருந்து தாய்லாந்து போகிறோம். காஞ்சனபுரியில் குவாய் ஆற்றுப் பாலம், போர்க்கல்லறை, ரயிலுக்காகப் பாறையை வெட்டிய ஹெல்ஃபயர் கணவாய், கடைசி நாள் மிதக்கும் சந்தை. வெள்ளைக்காரர்களின் கல்லறையைப் பார்க்க இவ்வளவு செலவா என்று வீட்டில் கேட்கிறார்கள். எனக்கும் பதில் தெரியவில்லை. அத்தனை பேர் செத்த இடத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வது சரியா?

ஒரு மாணவி, பாலக்கோடு

அன்புள்ள மாணவிக்கு,

படம் தாராளமாக எடுங்கள். செலவு உங்கள் வீட்டில் பேசி முடிக்கவேண்டியது. ஆனால் ‘வெள்ளைக்காரர்களின் கல்லறை’ என்று வரலாறு படிக்கும் ஒரு பெண் எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போனதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அந்தப் பாலம் இருக்கும் ரயில்பாதையைப் போட்டது யார் என்று உங்கள் வகுப்பில் ஒருவர்கூடக் கேட்கவில்லையா?

1942-43இல், நம்மவர்கள் சயாம் என்று சொன்ன தாய்லாந்திலிருந்து பர்மாவுக்குப் படையும் தளவாடமும் அனுப்ப ஜப்பானியர் போட்ட 415 கிலோமீட்டர் ரயில்பாதை அது. ஜப்பானியரிடம் பிடிபட்ட பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சுப் போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல் அங்கே வேலை செய்தார்கள்; 12,000 பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்களைவிடப் பல மடங்கு ஆசியக் கூலிகள் இருந்தார்கள். மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து ஆசை காட்டியும் வலுக்கட்டாயமாகவும் கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் அவர்களில் ஏராளம். கைதிகளோடு அவர்களுடைய ராணுவ மருத்துவர்கள் இருந்தார்கள். 1943 மழைக்காலத்தில் காலரா வந்தபோது கூலிகளின் முகாம்களில் பார்க்க அநேகமாக ஆளில்லை. செத்த கூலிகளை யாரும் எண்ணவில்லை. 70,000, 90,000 என்று மதிப்பீடுகள்தான் இருக்கின்றன.

கங்காணிகள் மலாயாவுக்கு ஆள் பிடித்த மாவட்டங்களில் சேலமும் ஒன்று. தர்மபுரியும் கிருஷ்ணகிரியும் அப்போது சேலம் ஜில்லாதான். எங்கள் ஆயாவின் அண்ணன் பென்னாகரம் பக்கமிருந்து அப்படிப் போனவர். சண்டை வந்ததும் கடிதம் நின்றுபோனது. “சப்பான்காரன் ரயில் ரோடு போடக் கூட்டிட்டுப் போனான்” என்று திரும்பி வந்த ஒருவர் சொன்னதோடு சரி. அண்ணனின் மனைவி கடைசிவரை தாலியோடு எங்கள் வீட்டிலேயே இருந்தார். ஆயா வருஷா வருஷம் மகாளய அமாவாசைக்கு ஒகேனக்கல் போய் அண்ணன் பேரில் எள்ளும் தண்ணியும் இறைக்கச் செய்வார். அதை அண்ணியிடம் மட்டும் சொல்லமாட்டார். சொன்னால் தாலியைக் கழற்றவேண்டி வரும். வீட்டில் எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய் திறந்ததில்லை.

காஞ்சனபுரிப் போர்க்கல்லறையில் ஏறக்குறைய 7,000 பேர் இருக்கிறார்கள். பெயர், படைப்பிரிவு, இறந்த தேதி, வயது என்று பெரும்பாலோருக்குத் தனித்தனியே பொறித்திருக்கிறது. போர் முடிந்ததும் பாதை நெடுகத் தேடி அவர்களைச் சேர்த்தார்கள். அதைக் குறை சொல்லாதீர்கள். செத்த ஒவ்வொருவருக்கும் அப்படித்தான் செய்யவேண்டும்.

நாமும் செய்தவர்கள்தான். தர்மபுரி அகழ்வைப்பகத்தில் நிற்கும் நடுகற்களைப் பார்த்திருப்பீர்கள். பார்க்கவில்லை என்றால் முதலில் அங்கே போங்கள், டவுன் பஸ்ஸில் போய்விடலாம். மாடு மீட்கப்போய் விழுந்தவனுக்குக்கூடப் பெயரும், எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு என்பதும் வெட்டியிருக்கிறார்கள். பக்கத்துச் செங்கம் வட்டாரத்தில், எடுத்தனூரில், மகேந்திரவர்மன் காலத்துக் கல் ஒன்றில் திருடர்களைக் கடித்துக் காவல் நின்ற நாயின் பெயரும் இருக்கிறது: கோவிவன். நாய்க்குக் கல்லில் பெயர் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் சயாம் காட்டில் பெயரில்லாமல் கிடக்கிறார்கள். அவர்கள் கிடக்கும் ஊருக்கே போகிற நீங்கள் மிதக்கும் சந்தைக்கு ஒரு நாள் ஒதுக்குகிறீர்கள். எனக்கு எப்படி ஆறும்?

சரி, கோபம் போதும். அந்தப் போர்க்கல்லறைக்கு அருகிலேயே வாட் தாவோன் வராராம் என்ற புத்தக் கோயில் இருக்கிறது. ஆசியத் தொழிலாளர்களுக்கான நினைவிடம் அங்கேதான். தாய்லாந்துத் தமிழர்கள் முன்னின்று, இறந்த தமிழர்களுக்காக 2023இல் ஒரு நடுகல்லும் நட்டிருக்கிறார்கள். உங்கள் பயணத்திட்டத்தில் அது இல்லை. சந்தையை விட்டுவிட்டு அதைச் சேர்க்கச் சொல்லி ஆசிரியரிடம் கேளுங்கள். கிளம்புவதற்கு முன் ஒவ்வொருவரும் வீட்டில், தெருவில் வயசானவர்களிடம் விசாரியுங்கள்: மலாயாவுக்குப் போய்த் திரும்பாதவர் யாராவது உண்டா? பெயர், ஊர், தகப்பன் பெயர் எழுதி வாங்குங்கள். கிடைத்த பட்டியலை எனக்கும் அனுப்புங்கள், இங்கேயே வெளியிடுகிறேன்.