நூறு வேண்டாம், தொண்ணூறு போதும்

வாசகர் கேள்விகளுக்கு நுரையீரல் மருத்துவர்களின் பதில்கள்

கேள்வி: என் மாமனாருக்கு வயது 68. பீடிப் பழக்கத்தால் வந்த சி.ஓ.பி.டி. (நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோய்) இருக்கிறது. போன மாதம் ஒரு ராத்திரி இளைப்பு அதிகமாகி, ரத்தத்தில் ஆக்ஸிஜனை அளக்க விரலில் மாட்டும் கருவி 86 சதவீதம் காட்டியது. கொரோனா சமயத்தில் வாங்கிய ஆக்ஸிஜன் இயந்திரத்தை 5 லிட்டரில் வைத்தோம். 98க்கு ஏறியது, அசந்து தூங்கினார். விடிந்து எழுப்பினால் கண்ணே திறக்கவில்லை. ஆக்ஸிஜன் அதிகமானதுதான் காரணம் என்றார்கள். 98 நல்ல அளவுதானே?
- வாசகி, ஈரோடு

பதில்: நல்ல நுரையீரலுக்கு 98 சரி. சி.ஓ.பி.டி.காரருக்கு இளைப்பு முற்றும்போது 88 முதல் 92 வரை இருந்தால் போதும், அதுதான் இலக்கு.

பழுதான நுரையீரலில் காற்று போகாத இடங்களுக்கு உடம்பே ரத்த ஓட்டத்தைக் குறைத்து, காற்று போகும் இடங்களுக்குத் திருப்பிவிட்டிருக்கும். ஆக்ஸிஜனை அள்ளிக் கொடுத்தால் அந்த ஏற்பாடு குலைந்துபோகும். ரத்தம் மறுபடி காற்றில்லாத இடத்துக்கே போய், கரியமில வாயுவை இறக்காமல் திரும்பி வரும். ஹீமோகுளோபினும் ஆக்ஸிஜனைப் பிடித்துக்கொண்டு, சுமந்திருந்த கரியமில வாயுவை ரத்தத்தில் விட்டுவிடும். மூச்சுவிடும் உந்துதலும் கொஞ்சம் தளரும். இப்படி ஏறும் கரியமில வாயுதான் மயக்கத்தில் தள்ளுகிறது. விரல் கருவி அதை அளப்பதில்லை என்பதால் நீங்கள் பார்த்தது 98 மட்டும்.

ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் மூச்சுத்திணறலோடு ஆம்புலன்ஸில் வந்த 405 பேரிடம் செய்த ஆய்வு 2010இல் வெளியானது. நிறைய ஆக்ஸிஜன் பெற்றவர்களில் 9 சதவீதம் பேர் இறந்தார்கள். 88-92க்குள் அளந்து கொடுத்தவர்களில் அது 4 சதவீதம்தான்.

மருத்துவர் சொல்லி வீட்டில் ஆக்ஸிஜன் வைத்திருந்தால், மூக்குக் குழாயில் நிமிடத்துக்கு 1 லிட்டரில் தொடங்குங்கள். ஐந்து நிமிடம் பார்த்து, 88 வரவில்லை என்றால் 2 லிட்டர். அதிலும் வரவில்லை என்றால் 108ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை 88 தொடும் அளவுக்கு மட்டும் கூட்டலாம். பயந்துபோய் ஆக்ஸிஜனே கொடுக்காமல் விடுவதும் ஆபத்து. கூடிப்போய் ஆள் மந்தமாகிவிட்டால் பட்டென்று நிறுத்தாதீர்கள். அளவு முன்பிருந்ததைவிடக் கீழே சரியும். படிப்படியாகக் குறைத்துக்கொண்டே ஆம்புலன்ஸை அழையுங்கள். வருகிறவர்களிடம் முதலில், "சி.ஓ.பி.டி. நோயாளி, 88-92 போதும்" என்று சொல்லிவிடுங்கள்.

கை ஜில்லிட்டிருந்தாலோ நகப்பூச்சு இருந்தாலோ கருவி தப்பாகக் காட்டும். விரலைத் தேய்த்துச் சூடாக்கி, எண் நிலைத்து நின்ற பிறகு படியுங்கள். தலைவலி, உளறல், பகலிலும் தூங்கி வழிவது, நீட்டிய கைகளை மணிக்கட்டில் மேலே மடக்கினால் படபடவென அடித்துக்கொள்வது: இவை கரியமில வாயு ஏறுவதற்கான அறிகுறிகள். 'தூங்கட்டும்' என்று விட்டுவிடாதீர்கள். இளைப்பு நேரத்தில் தூக்க மாத்திரையும் கூடவே கூடாது.

கேள்வி: இளைப்பு வந்தால் ரோட்டாகேப் போட்டு இழுத்தும் கேட்பதில்லை. நெபுலைசர் வாங்கிவிடலாமா?
- வாசகர், தென்காசி

பதில்: ரோட்டாகேப்பில் இருப்பது பொடி, வேகமாக இழுத்தால்தான் உள்ளே போகும். இளைப்பு நேரத்தில் அந்த வேகத்துக்கு எங்கே போவது? பொடி தொண்டையிலேயே தங்கிவிடும். அவசரத்துக்கு மூச்சுக்குழாயை விரிக்கும் சால்புட்டமால் பஃப்பும், அதோடு பொருத்தி மூச்சிழுக்கும் கூடான ஸ்பேசரும் வைத்துக்கொள்ளுங்கள்.

முன்பக்கம் சாய்ந்து, முழங்கைகளை மேசையில் ஊன்றி உட்காருங்கள். பஃப்பை நன்றாகக் குலுக்கி, ஸ்பேசரில் ஒரே ஒரு அழுத்து. வாயை இறுக்கமாக வைத்து ஐந்து முறை சாதாரணமாக மூச்சுவிட்ட பிறகு, மறுபடி குலுக்கி அடுத்தது. நாலைந்து அழுத்தை ஒன்றாகப் போட்டால் மருந்து ஸ்பேசர் சுவரில் ஒட்டி வீணாகும். இப்படி 4 முதல் 6 பஃப். 20 நிமிடம் கழித்து ஒருமுறை திரும்பச் செய்யலாம். கை நடுக்கம், படபடப்பு வந்து அடங்கும். இரண்டாவது முறையும் கேட்கவில்லை என்றால் மருத்துவமனைக்குக் கிளம்பிவிடுங்கள்.

ஸ்பேசரைச் சரியாகப் பிடிப்பவருக்கு நெபுலைசரால் கூடுதல் பலன் பெரிதாக இல்லை. பிடிக்க முடியாத அளவு களைத்தவருக்கு உதவும். ஸ்பேசரை வாரம் ஒருமுறை சோப்புத் தண்ணீரில் கழுவி, துடைக்காமல் காயவிடுங்கள். துணியால் துடைத்தால் உட்சுவரில் மின்னூட்டம் ஏறி மருந்தை இழுத்துக்கொள்ளும்.

கேள்வி: டெரிபிலின் ஊசி போட்டால் உடனே கேட்கிறது. பெரிய மருத்துவமனையில் வெறும் மாத்திரை தருகிறார்களே?
- வாசகர், பண்ருட்டி

பதில்: டெரிபிலினில் தியோபிலின் இருக்கிறது. அதில் பலன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி குறைவு. வாந்தி, தாறுமாறான இதயத்துடிப்பு, வலிப்புவரை போகலாம். அதே மருந்தை ஏற்கெனவே மாத்திரையாகச் சாப்பிடுபவருக்கும், கூடவே சிப்ரோஃப்ளாக்ஸசின் என்ற ஆன்டிபயாட்டிக் எடுப்பவருக்கும் இன்னும் ஆபத்து. அதனால் இளைப்பு முற்றும்போது இந்த ஊசியைச் சர்வதேச வழிகாட்டுதல்கள் பரிந்துரைப்பதில்லை.

நீங்கள் 'வெறும் மாத்திரை' என்பது பெரும்பாலும் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு: தினம் 40 மில்லிகிராம், 5 நாள். விழுங்க முடிந்தவருக்கு ஊசிக்குச் சமமாக வேலை செய்யும். 14 நாள் கொடுத்தவர்களைவிட 5 நாள் கொடுத்தவர்களுக்குப் பலன் குறைவில்லை என்று 2013இல் வெளியான சுவிஸ் ஆய்வு காட்டியது. சர்க்கரை ஏறும், நீரிழிவு உள்ளவர் தினமும் பாருங்கள். மிச்சமான பழைய மாத்திரையை நீங்களாக எடுக்காதீர்கள். ஆன்டிபயாட்டிக் எல்லாருக்கும் தேவையில்லை. சளியை வெள்ளைக் காகிதத்தில் துப்பிப் பாருங்கள். வழக்கத்தைவிட மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறி, அளவோ இளைப்போ கூடியிருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: எந்தக் கட்டத்தில் மருத்துவமனைக்குப் போக வேண்டும்? அங்கே முகமூடி இயந்திரம் வைத்தால் நிலைமை கைமீறிவிட்டது என்று அர்த்தமா?
- வாசகி, காரைக்கால்

பதில்: ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் முடிக்க முடியாமை, உதடு நீலம் பாய்வது, குழப்பம், நிமிடத்துக்கு 30க்கு மேல் மூச்சு: ஏதாவது ஒன்று இருந்தாலும் உடனே. நெஞ்சின் ஒரு பக்கம் திடீரென வலித்து மூச்சு முட்டினால், அது நுரையீரல் ஓட்டையாகிக் காற்று கசிவதாக இருக்கலாம். அதற்குப் பஃப் அடித்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது.

கைமீறிவிட்டது என்று அர்த்தமில்லை. தொண்டையில் குழாய் போடுவதைத் தவிர்க்கத்தான் பெரும்பாலும், அழுத்தத்தோடு காற்றைச் செலுத்தும் அந்த முகமூடி. மணிக்கட்டுத் தமனியில் ரத்தம் எடுத்துப் பார்த்து, பி.எச். (ரத்தத்தின் அமிலத்தன்மையைக் காட்டும் எண், குறைந்தால் அமிலம் கூடுகிறது) 7.35க்குக் கீழே இறங்கி, கரியமில வாயு 45க்கு மேல் இருந்தால் வைப்பார்கள். முதலில் மூச்சை அமுக்குவதுபோல் இருக்கும். பலர் பிடுங்கிப் போடுவார்கள். பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். முகமூடியோடு தண்ணீர்கூடக் கொடுக்காதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். ஒன்றிரண்டு மணி நேரத்தில் மறுபடி ரத்தம் எடுப்பார்கள். பி.எச். ஏறியிருந்தால் சிகிச்சை கேட்கிறது.