அலமாரிக் கதவிலிருந்து பிளாஸ்டர் பூக்கள் உதிர்கின்றனவா?

வார்னிஷ் அடித்த தேக்கு அலமாரியில் மரப்பசையால் (மரவேலைக்கான பசை) ஒட்டிய பூக்கள் ஒரே வாரத்தில் உதிர்ந்துவிட்டன, இதழ்களில் ஊசித் துளைகள் வேறு என்று எழுதியிருந்தீர்கள். விழுந்த பூவைத் திருப்பி விரலால் தேய்த்துப் பாருங்கள். பிளாஸ்டர் மாவாக விரலில் ஒட்டினால், பசை பிடித்தது அந்த மாவைத்தான்; பசையைக் குறைசொல்லிப் பயனில்லை.

பாரிஸ் பிளாஸ்டர் அரை மணி நேரத்தில் இறுகிவிடும். உள்ளே இருக்கும் ஈரம் போகப் பல நாட்கள் பிடிக்கும். கன்னத்தில் வைத்தால் சில்லென்று இருக்கிறதா, இன்னும் காயவில்லை. காய்ந்தபின் பின்புறத்தை உப்புத்தாளால் தேய்த்து, தூசி துடைத்து, நீர்த்த மரப்பசையை ஒரு பூச்சு கொடுத்து உலரவிடுங்கள். பூ உட்காரும் இடத்தில் மட்டும் வார்னிஷைச் சுரண்டி மரத்தை வெளியே கொண்டுவாருங்கள். வார்னிஷ் மீது மரப்பசை பிடிக்காது. ஒட்டியபின் காகித டேப்பால் ஓர் இரவு கட்டி வையுங்கள்.

துளைகளுக்குக் காரணம் காற்றுக் குமிழிகள். தண்ணீரில்தான் பொடியைத் தூவ வேண்டும். எடையில் 2 பங்கு பொடிக்கு ஏறக்குறைய 1¼ பங்கு தண்ணீர் போதும். ஊறியதும் மெதுவாகக் கலக்கி, முதலில் தூரிகையால் பூ வார்க்கும் அச்சின் இடுக்குகளில் தடவிவிட்டு மீதியை ஊற்றுங்கள்.

வளைந்த இழுப்பறை முகப்புக்கு மட்டும் பிளாஸ்டர் வேண்டாம். அது வளையாது, உடையும். காகிதக் களிமண்ணை (காகிதக் கூழ் கலந்த களிமண்) அச்சில் அழுத்தி எடுத்து, ஈரமாக இருக்கும்போதே ஒட்டிவிடுங்கள்.