கம்பெனி மூடிய நாளுக்கு நம் சம்பளத்தைப் பிடிக்கலாமா?

கேள்வி: டெக்சாஸில் ஒரு தனியார் நிறுவனத்தில் அக்டோபரில் சேர்ந்தேன். சம்பள அடிப்படையில் வேலை, ‘எக்ஸெம்ப்ட்’ (ஓவர்டைம் இல்லாத) பிரிவு. தேங்ஸ்கிவிங்குக்கு வியாழன், வெள்ளி இரண்டு நாளும் ஆபீஸை மூடினார்கள். சேர்ந்து 90 நாள் ஆகாதவர்களுக்கு விடுமுறைச் சம்பளம் கிடையாது என்று இரண்டு நாள் சம்பளத்தைப் பிடித்துவிட்டார்கள். டிசம்பர் 25 வெள்ளி முதல் ஜனவரி 1 வெள்ளி வரையும் மூடுகிறார்கள். அதற்கும் பிடிப்பார்களா?

பதில்: தேங்ஸ்கிவிங்குக்குப் பிடித்தது தவறு. தயங்காமல் கேட்டு வாங்குங்கள்.

உங்கள் ஹெச்.ஆர். சொல்வதில் பாதி சரி. அமெரிக்காவின் 1938-ஆம் ஆண்டு தொழிலாளர் சட்டம், அதாவது எஃப்.எல்.எஸ்.ஏ., பண்டிகை நாளுக்குச் சம்பளம் தர வேண்டும் என்று எந்தத் தனியார் நிறுவனத்தையும் கட்டாயப்படுத்துவதில்லை. மணிக்கணக்கில் சம்பளம் வாங்குபவர்களிடம் அந்த 90 நாள் நிபந்தனை செல்லும். எக்ஸெம்ப்ட் ஊழியர் கதை வேறு. அவருக்கு ஓவர்டைம் கிடையாது. அதற்கு ஈடாக, ஒரு வாரத்தில் கொஞ்சமாவது வேலை செய்திருந்தால் அந்த வாரச் சம்பளம் முழுதாக வந்தாக வேண்டும். நீங்களாகச் சொந்தக் காரியத்துக்கு முழு நாள் லீவு எடுத்தால் பிடிக்கலாம். நீங்கள் வரத் தயாராக இருந்தும் அவர்கள் கதவை மூடினால் பிடிக்க முடியாது. நீங்கள் திங்கள் முதல் புதன் வரை வேலை பார்த்திருக்கிறீர்கள், அவ்வளவு போதும்.

மூடிய நாட்களை உங்கள் பி.டி.ஓ., அதாவது சம்பளத்துடன் கூடிய விடுப்புக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், அதற்குத் தடையில்லை. கணக்கில் ஒன்றும் மிச்சமில்லை என்றாலும் சம்பளம் குறையக் கூடாது.

இனி கிறிஸ்துமஸ். இங்கே கவனம் தேவை. உங்கள் நிறுவனத்தின் வேலை வாரம் ஞாயிறு முதல் சனி வரை என்று வைத்துக்கொள்வோம். டிசம்பர் 25 இருக்கும் வாரத்தில் வியாழன் வரை வேலை செய்வீர்கள், எனவே முழுச் சம்பளம். அடுத்த வாரம் முழுக்க மூடல். வாரம் முழுவதும் ஒரு வேலையும் செய்யாவிட்டால் அந்த வாரச் சம்பளத்தைத் தராமல் இருக்க எஃப்.எல்.எஸ்.ஏ. அனுமதிக்கிறது. ஆனால் நடுவில் மேனேஜர் கூப்பிட்டு ஒரு கிளையன்ட் மீட்டிங்கில் உட்காரவைத்தால் வாரம் முழுவதற்கும் சம்பளம் தர வேண்டும். அந்த மெயிலையும் அழைப்பையும் பத்திரமாக வையுங்கள். நீங்கள் ஹெச்-1பி விசாவில் இருந்தால், சம்பளமில்லாமல் சும்மா உட்காரவைப்பதற்கு எதிரான தனி விதிகளும் உண்டு. அந்த வாரத்தைப் பற்றி விசா வழக்கறிஞரிடமும் கேளுங்கள்.

பணத்தை எப்படி வாங்குவது? சண்டை வேண்டாம். சம்பளச் சீட்டை இணைத்து, “அந்த வாரம் மூன்று நாள் வேலை செய்தேன், ஆபீஸ் மூடியதற்காகப் பிடித்ததைத் திருப்பித் தாருங்கள்” என்று பேரோலுக்கு ஒரு மெயில் போடுங்கள். பெரும்பாலும் வந்துவிடும். இப்படிப் பிடிப்பதை வழக்கமாகவே வைத்திருந்தால் எக்ஸெம்ப்ட் தகுதியே பறிபோய், 40 மணி நேரத்துக்கு மேல் செய்த வேலைக்கு ஒன்றரை மடங்கு தர வேண்டி வரலாம். அது அவர்களுக்கும் தெரியும். மசியவில்லை என்றால் தொழிலாளர் துறையின் ஊதியப் பிரிவில் புகார் தரலாம். கோருவதற்கான காலக்கெடு பொதுவாக 2 ஆண்டு, வேண்டுமென்றே செய்திருந்தால் 3 ஆண்டு.

அதற்கு முன் ஆஃபர் லெட்டரை ஒருமுறை பாருங்கள். எக்ஸெம்ப்டாக வைக்க வாரத்துக்குக் குறைந்தது 684 டாலர் நிலையான சம்பளம் தர வேண்டும் என்பது பொதுவான வரம்பு. கணினித் துறையில் சிலரை மட்டும் மணிக்கு 27.63 டாலருக்குக் குறையாமல் கொடுத்து எக்ஸெம்ப்டாக வைக்கலாம். நீங்கள் அந்த ரகமென்றால், மேலே சொன்ன முழு வாரச் சம்பள விதி உங்களுக்குப் பொருந்தாது.