கடைசி இருப்பு ஒத்துப்போகிறதா? வாசகர் கேள்வி-பதில்

கே: வங்கியிலிருந்து இறக்கிய சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளியால் பிரித்த பட்டியல்) என் வரவு செலவு மென்பொருள் ஏற்கவில்லை. ஏன்? (ஈசூன்)

எந்த வங்கி, எந்த மென்பொருள், என்ன பிழைச் செய்தி என்று ஒன்றுமே எழுதவில்லை. அடுத்த முறை மூன்றையும் எழுதுங்கள். பெரும்பாலும் தொல்லை கோப்பின் தலையில்தான். கணக்கு எண், இருப்பு என்று முதல் ஐந்தாறு வரிகள் வேறு விவரமாக இருக்கும். க்னூகேஷ் என்ற இலவசக் கணக்கு மென்பொருளில் இறக்கும்போது, தொடக்கத்தில் விட வேண்டிய வரிகளின் எண்ணிக்கையைக் கேட்கும் கட்டத்தில் அதைப் போடுங்கள். விவரம் இரண்டு வரியாக உடைந்து வந்தால், இரண்டாம் வரியை மேல்வரியோடு ஒட்டிவிட்டுப் பிறகு இறக்குங்கள்.

கே: ஏப்ரல் 3ஆம் தேதிச் செலவு மார்ச் 4க்குப் போய்விட்டது. (செங்காங்)

எக்செல் அமெரிக்க முறைப்படி 03/04 என்பதை மார்ச் 4 என்று படித்துவிட்டது. 12ஆம் தேதிக்கு மேற்பட்டவை மாதமாக முடியாததால் வெறும் எழுத்தாக இடப்பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும். தேதிகளில் பாதி இடப்பக்கம், பாதி வலப்பக்கம் நின்றால் இதுதான் நோய். கெட்ட கோப்பைத் திருத்த முயலாதீர்கள், புதிதாக இறக்குங்கள். இரட்டைச் சொடுக்கில் திறக்காமல் டேட்டா, ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி வழியாகத் திறந்து, 'டு நாட் டிடெக்ட் டேட்டா டைப்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். பிறகு தேதிப் பத்தியில் டெக்ஸ்ட் டு காலம்ஸ், மூன்றாம் படியில் டிஎம்ஒய் (நாள், மாதம், ஆண்டு).

கே: என் வங்கிக் கடவுச்சொல்லைக் கேட்கும் செயலி நல்லதா? (தெம்பனிஸ்)

கொடுக்காதீர்கள். கோப்பைக் கொடுத்தால் உங்கள் கணக்கைப் படிக்கத்தான் முடியும், கடவுச்சொல்லைக் கொடுத்தால் உள்ளேயே நுழைந்துவிடலாம். சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் மின்கட்டணப் பாதுகாப்பு வழிகாட்டியும் அதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருப்பது உங்கள் கடமை என்கிறது.

கே: எஸ்ஜிஃபின்டெக்ஸ் இருக்கும்போது தனியாக மென்பொருள் எதற்கு? (பொங்கோல்)

2020 டிசம்பரில் வந்த அந்தச் சேவை சிங்பாஸ் (அரசின் மின்னடையாளம்) வழியாக வங்கி இருப்பு, கடன், மசேநி (மத்திய சேமநிதி) எல்லாவற்றையும் ஓரிடத்தில் காட்டும். எவ்வளவு இருக்கிறது என்பதற்கு அருமையானது. எங்கே போனது என்பதற்கு வரவு செலவு வரிகள் வேண்டும், அதற்குக் கோப்புதான்.

கே: சம்பளம் கைக்கு 5,000 வெள்ளி வருகிறது. செலவு 6,800 என்று மென்பொருள் சொல்கிறது. ஆனால் கடனும் இல்லை, சேமிப்பும் ஏறுகிறது. (உட்லண்ட்ஸ்)

வரும் கடிதங்களில் பாதி இதுதான். பணத்தை இடம் மாற்றுவது செலவு அல்ல. எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்.

நீங்கள் அனுப்பிய கணக்கைப் பாருங்கள். கடன் அட்டையில் 1,800க்குப் பொருள் வாங்கியிருக்கிறீர்கள், அது செலவு. அதே 1,800 கைரோ (தானாகக் கழிக்கும் ஏற்பாடு) வழியாகச் சேமிப்புக் கணக்கிலிருந்து அட்டைக்குக் கட்டப்பட்டிருக்கிறது. 'பில்' என்று பெயர் வந்ததால் மென்பொருள் அதையும் செலவாக்கிவிட்டது. இன்னொரு வங்கிக்கு மாற்றிய 1,000 வெள்ளியும் அப்படியே. இரண்டையும் கழியுங்கள்: உங்கள் செலவு 4,000. தவறான 6,800ஐப் பார்த்துவிட்டு எத்தனை வீடுகளில் மளிகைச் செலவைக் குறைக்கச் சொல்லிச் சண்டை நடக்கிறது தெரியுமா? அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

கடன் அட்டையைத் தனிக் கணக்காக, கடன் வகையில் திறவுங்கள். பில் கட்டிய வரியைச் 'சேமிப்பிலிருந்து அட்டைக்கு' என்று இடமாற்றமாகக் குறியுங்கள். வங்கியில் 12ஆம் தேதி கழிந்தது அட்டையில் 14ஆம் தேதி வரவாகத் தெரியலாம். மென்பொருள் இரண்டையும் ஜோடி சேர்க்காவிட்டால் நீங்களே சேர்த்து, ஒன்றை நீக்குங்கள். க்னூகேஷில் 'இம்பேலன்ஸ்-எஸ்ஜிடி' கணக்கில் தொகை தேங்கியிருந்தால், எதிர்க்கணக்கு காட்டாத வரிகள் இன்னும் இருக்கின்றன என்று பொருள்.

ஊருக்கு அனுப்புவதிலும் இதே பேதம் உண்டு. அம்மாவுக்கு அனுப்பினால் செலவு. உங்கள் பெயரிலுள்ள என்ஆர்இ கணக்குக்கு (வெளிநாடுவாழ் இந்தியருக்கான வங்கிக் கணக்கு) அனுப்பினால் இடமாற்றம், அனுப்புக் கட்டணம் மட்டுமே செலவு. வீட்டுக் கடனை மசேநியிலிருந்து கட்டுகிறவர்களுக்கு அந்தத் தொகை வங்கிக் கோப்பில் வரவே வராது, தனியாக எழுத வேண்டும்.

கே: ஒரே நாளில் உணவங்காடியில் இரண்டு முறை 1.60 வெள்ளிக்குக் காப்பி குடித்தேன். ஒன்றுதான் பதிவாகியிருக்கிறது. (அங் மோ கியோ)

தேதியும் தொகையும் கடையும் ஒன்றாக இருந்ததால் இரட்டைப் பதிவு என்று தள்ளியிருக்கும். சிஎஸ்வியில் வரிக்கென்று தனி அடையாள எண் பெரும்பாலும் இருப்பதில்லை, ஓஎஃப்எக்ஸ் என்ற இன்னொரு கோப்பு வகையில் இருக்கும். இறக்கும் திரையில் தள்ளப்பட்ட வரிகளைப் பார்த்துவிட்டே சரி சொல்லுங்கள். 1.60தானே என்று விடாதீர்கள், கடைசி இருப்பில் அந்த 1.60தான் இடிக்கும்.

கே: பிடிஎஃப் அறிக்கையை மாற்றிப் பயன்படுத்தலாமா? (ஜூரோங் வெஸ்ட்)

வேறு வழியில்லாதபோது மட்டும். மாற்றும்போது பற்றுப் பத்தியில் இருந்த தொகை வரவுப் பத்திக்குத் தாவிவிடலாம். பக்கத்தில் ஒரு பத்தி போட்டு, முந்தைய இருப்பு கூட்டல் வரவு கழித்தல் பற்று என்று கணக்கிட்டு, அறிக்கையின் இருப்போடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். முதலில் பிசகும் வரியில்தான் தவறு. அதைச் சரிசெய்யாமல் வகை பிரிக்க உட்காராதீர்கள்.

கே: எத்தனை செலவு வகை வைக்கலாம்? நான் 60 வைத்திருக்கிறேன். (புக்கிட் பாத்தோக்)

பன்னிரண்டு போதும்.

கே: 'பஸ்/எம்ஆர்டி' என்று வரும் தொகை எந்தப் பயணம் என்று தெரியவில்லை. (செம்பவாங்)

வங்கி அட்டையைத் தட்டிப் பயணம் செய்தால் சில நாள் கட்டணம் சேர்ந்து ஒரே தொகையாக வரும். பயண விவரம் சிம்ப்ளிகோ செயலியில் இருக்கிறது. வகை பிரிக்க 'போக்குவரத்து' என்று ஒரு விதி எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள்.