கணினிக் கேள்விகள்: இரண்டு மணி நேரத்தில் தொலைந்த ஒரு மணி நேரம்

கேள்வி: பெர்ல் மொழியின் மென்பொருள் காப்பகமான சிபேனில் புதிதாக எது ஏறினாலும் டெர்மினலில் ஒரு வரி காட்டும்படி சிறிய ஸ்கிரிப்ட் எழுதியிருக்கிறேன். குறித்த நேரங்களில் நிரல்களைத் தானாக ஓட்டும் கிரான், அதை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை ஓட்டுகிறது. கடந்த ஒரு மணி நேரப் பட்டியலை இறக்கிப் படிக்கிறது. ஒரே பதிவேற்றத்தை நான்கு தடவை சொல்கிறது. சிலவற்றைச் சொல்வதே இல்லை. எங்கே தவறு?

பதில்: விடுபடுவதை முதலில் பார்ப்போம். நான்கு தடவை சொன்னால் எரிச்சலோடு போய்விடும். சொல்லாமல் விட்டால் அந்த ஸ்கிரிப்டை வைத்திருப்பதற்கே பொருள் இல்லை.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை எழுந்து, ஒரு மணி நேரத்துக்கான பட்டியலை மட்டும் படித்தால் பாதி நேரம் உங்கள் கண்ணில் படாமலே கழிகிறது. ஒவ்வொரு மணிக்கும் ஓட்டினாலும், மடிக்கணினியை இரவில் மூடி வைத்தால் அதே கதைதான்.

சிபேன் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. ரீசென்ட் என்ற பெயரில் ஒரு பட்டியல் அல்ல, ஒரு வரிசையே இருக்கிறது: ஒரு மணி நேரம், ஆறு மணி நேரம், ஒரு நாள், ஒரு வாரம் என்று நீண்டு ஓர் ஆண்டையும் தாண்டிப் போகிறது. ஒவ்வொரு பதிவிலும் கோப்பின் பாதை, அது புதியதா நீக்கப்பட்டதா என்ற குறிப்பு, 1970 ஜனவரி 1 முதல் எண்ணிய நொடிக்கணக்கு ஆகிய மூன்றும் இருக்கும். கடைசியாகப் பார்த்த பதிவின் நொடிக்கணக்கை ஒரு கோப்பில் எழுதி வையுங்கள். அடுத்த முறை ஒரு மணி நேரப் பட்டியலைத் திறந்து, அதிலுள்ள மிகப் பழைய பதிவும் உங்கள் எண்ணுக்குப் பிந்தியதாக இருந்தால், ஆறு மணி நேரப் பட்டியலுக்குப் போங்கள். அங்கும் எட்டவில்லையா, ஒரு நாள் பட்டியல். சிறியதை விட்டுவிட்டு நேரே பெரியதைத் திறக்காதீர்கள். பெரிய பட்டியல்கள் அவ்வப்போதுதான் புதுப்பிக்கப்படும். கடைசி நேர வரவுகள் சிறியதில்தான் இருக்கும்.

எழுதி வைக்கும் எண் பட்டியலிலிருந்து எடுத்ததாகவே இருக்க வேண்டும். உங்கள் கணினியின் 'இப்போதைய நேரம்' வேண்டவே வேண்டாம். நான் இதில் அடிபட்டிருக்கிறேன். என் கணினியின் கடிகாரம் ஏழு நிமிடம் முந்தி ஓடியது. ஒவ்வொரு முறையும் ஸ்கிரிப்ட் இன்னும் வராத ஒரு நேரத்தை 'பார்த்தாயிற்று' என்று குறித்துவைத்தது. அந்த ஏழு நிமிடத்துக்குள் ஏறியவை எல்லாம் சத்தமின்றிப் போயின. பிழைச் செய்தி ஒன்றுகூட வரவில்லை. நான் காத்திருந்த ஒரு திருத்தம் காப்பகத்தில் ஏறிப் பல நாள் ஆகியிருந்ததைத் தற்செயலாகப் பார்த்த பிறகுதான் காரணத்தைத் தேடினேன்.

இன்னொன்று: முதலில் திரையில் காட்டுங்கள், பிறகு எண்ணைச் சேமியுங்கள். நடுவில் மின்சாரம் போனால் ஒரு செய்தி இரண்டு முறை வரும், அவ்வளவுதான். வரிசையை மாற்றினால் அது ஒரு முறைகூட வராது.

இனி அந்த நான்கு வரிகள். ஒருவர் ஒரு டார் கோப்பை (பல கோப்புகளை ஒன்றாகக் கட்டிய பொதி) ஏற்றினால், காப்பகம் அதிலிருந்து அறிமுகக் குறிப்பான ரீட்மீ, பொதியின் விவரங்களைச் சொல்லும் மெட்டா ஆகிய கோப்புகளைப் பிரித்து அருகில் வைக்கும். அந்த ஆசிரியருடைய அடைவில், கோப்புகள் சிதையவில்லை என்று சரிபார்க்க உதவும் செக்சம்ஸ் கோப்பும் புதிதாகும். பட்டியலுக்கு நான்கும் நான்கு வரவுகள். கோப்பின் முடிவைப் பார்த்து, டார், சிப் பொதிகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பதிப்பு எண்ணில் அடிக்கோடு இருந்தாலோ, கடைசியில் டிரையல் என்று இருந்தாலோ அது சோதனை வெளியீடு. அதை மறைக்க வேண்டாம், தனிக் குறியோடு காட்டுங்கள். சோதித்துச் சொல்ல ஆள் கிடைக்க மாட்டாரா என்று ஆசிரியர் காத்திருப்பது அதற்குத்தான்.

கேள்வி: ஒரு நிமிடத்துக்கு ஒரு முறை ஓட்டலாமா?

பதில்: எதற்கு அவ்வளவு அவசரம்? உலகெங்கும் சிபேனின் பிரதிகளைப் பலர் தங்கள் சர்வர்களில் இலவசமாக வைத்திருக்கிறார்கள். பதினைந்து நிமிடம் போதும். கேட்கும்போது, சென்ற முறை சர்வர் தந்த ஈடேக் மதிப்பையும் (கோப்பின் அந்தப் பதிப்புக்கான அடையாளக் குறி) சேர்த்து அனுப்புங்கள். எதுவும் மாறவில்லையென்றால் பட்டியலை அனுப்பாமல் 304 என்ற எண்ணை மட்டும் அது பதிலாகத் தரும்.

கேள்வி: புதிய பதிப்பு ஏறியதும் ஸ்கிரிப்டே அதை நிறுவிவிடும்படி செய்யலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். 2024 பிப்ரவரியிலும் மார்ச்சிலும் எக்ஸ்இசட் என்ற சுருக்கு நிரலின் 5.6.0, 5.6.1 பதிப்புகள் வெளியாயின. இரண்டிலும் பின்கதவு, அதாவது வெளியார் கள்ளத்தனமாக நுழைய ஒரு வழி, ஒளிந்திருந்தது. ஏற்றியவர் அதன் பராமரிப்பாளர்களுள் ஒருவர். கையொப்பத்தைச் சரிபார்த்திருந்தாலும் பிடிபட்டிருக்காது. தொலைவிலுள்ள கணினியில் நுழைய உதவும் எஸ்எஸ்எச் வழியே உள்நுழைய அரை நொடி கூடுதலாக ஆகிறதே என்று துருவிப் பார்த்த ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்ற மென்பொருள் பொறியாளர்தான் மார்ச் 29 அன்று அதை வெளியே சொன்னார். முதல் பதிப்பு வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது.

உங்கள் ஸ்கிரிப்ட் செய்தி சொல்வதோடு நிற்கட்டும். அந்த ஒரு வரியின் கீழேயே, பொதிக்குள் இருக்கும், மாற்றங்களைப் பட்டியலிடும் சேஞ்சஸ் கோப்பின் முதல் பத்து வரிகளையும் காட்டச் செய்யுங்கள். நிறுவுவதா, சில நாள் பொறுப்பதா என்பதை அதைப் படித்துவிட்டு நீங்களே முடிவு செய்யலாம்.