பழைய ஜீப்பைப் புதுப்பிக்கும் செலவு ஏன் கைமீறிப் போகிறது? – கேள்வி பதில்

வில்லிஸ் ஜீப், லேண்ட் ரோவர் சீரிஸ், டொயோட்டா எஃப்ஜே40 போன்ற பழைய ஃபோர் வீல் வண்டிகளைக் கழற்றி, சரிசெய்து, திரும்ப ஓட வைப்பதுதான் என் வேலை. இந்த முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் செலவைப் பற்றியவை. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: சார், என் லேண்ட் ரோவர் சீரிஸ் 3 வண்டியைப் பட்டறையில் விட்டபோது ஒரு தொகை சொன்னார்கள். பாடியைத் தூக்கிய பிறகு அது இரண்டு மடங்கானது. இப்போது மூன்று மடங்கு என்கிறார்கள். ஏமாற்றுகிறார்களா?

தொகை ஏறியதை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல மாட்டேன். இந்த வண்டியின் அமைப்பே முதல் மதிப்பீட்டைக் கவிழ்த்துவிடும். 1948-ல் முதல் லேண்ட் ரோவர் வந்தபோது போர் முடிந்த காலம், எஃகுக்குத் தட்டுப்பாடு. அதனால் வெளித் தகடுகளைப் பெரும்பாலும் பர்மாப்ரைட் என்ற அலுமினியக் கலவையில் செய்தார்கள். வண்டியைத் தாங்கும் அடிச்சட்டமான சேஸியும், எஞ்சினுக்கும் ஓட்டுநருக்கும் நடுவே உள்ள தடுப்பான பல்க்ஹெட்டும் எஃகு. சீரிஸ் 3 வரை அந்த முறை தொடர்ந்தது. வெளித் தகடு செந்துரு காட்டாது. பார்க்க நன்றாகவே இருக்கும். உள்ளே இருக்கும் சேஸியோ பெட்டி வடிவம். சேறும் ஈரமும் அதற்குள் தங்கி, உள்ளிருந்து வெளியே அரித்துக்கொண்டு வரும். ஓட்டை கண்ணில் படும் நேரத்தில் சுற்றியுள்ள இரும்பு ஏற்கெனவே காகிதமாகியிருக்கும்.

இன்னொன்றும் உண்டு. எஃகும் அலுமினியமும் ஒட்டும் இடத்தில் ஈரம் பட்டால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும். கதவின் அடிப்பக்கம், இரும்புச் சட்டத்தோடு சேரும் மூலைகள் எல்லாம் இப்படித்தான் போகின்றன. பாடியைத் தூக்காமல் இதை யாராலும் முழுதாகப் பார்க்க முடியாது.

அப்படியானால் பட்டறைக்காரரிடம் எதைக் கேட்க வேண்டும்? ஒரே தொகையாக மதிப்பீடு வாங்காதீர்கள். கழற்றிச் சோதிப்பதற்கு மட்டும் முதலில் ஒரு தொகை. சேஸியின் நிலை தெரிந்த பிறகு அதற்குத் தனி மதிப்பீடு. எஞ்சின், கியர்பாக்ஸ், ஆக்ஸில் ஒவ்வொன்றையும் திறந்து அளந்த பிறகு அதற்குத் தனித்தனி மதிப்பீடு. ஒவ்வொரு கட்டத்திலும் நிறுத்தும் உரிமை உங்களிடம் இருக்க வேண்டும். கழற்றிய பழைய பாகங்களைத் தூக்கிப் போடாமல் வைக்கச் சொல்லுங்கள், புகைப்படம் கேளுங்கள், எந்த வேலைக்கு எத்தனை மணி நேரம் என்ற கணக்கைக் கேளுங்கள். நேர்மையான பட்டறை இதற்கெல்லாம் முகம் சுளிக்காது. உங்கள் பட்டறை இதில் எதையுமே காட்ட மறுத்தால், அப்போது சந்தேகப்படுங்கள்.

மணி நேரக் கணக்கை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. எல்லோரும் பாகங்களின் விலையைத்தான் கூட்டிப் பார்க்கிறார்கள். பில்லில் பெரிதாக நிற்பது கூலி. துருவேறிய ஒரு போல்ட் தலை முறிந்தால், மீதியைத் துளையிட்டு எடுத்து, மரையை மறுபடி வெட்ட வேண்டும். போல்ட்டின் விலை ஒன்றுமில்லை, போன நேரம்தான் செலவு. ஸ்பிரிங்கைச் சேஸியோடு இணைக்கும் ஷாக்கிளில், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில், பல்க்ஹெட்டில் என்று இது தொடரும்.

கேள்வி: எந்த வண்டியை வாங்கினால் செலவு குறையும்? வில்லிஸா, லேண்ட் ரோவரா, எஃப்ஜே40-ஆ?

கிடைப்பதிலேயே துரு குறைவான வண்டி எதுவோ அது. எஞ்சின் ஓடாவிட்டாலும் பரவாயில்லை. ஓடாத எஞ்சினோடு நல்ல சேஸி இருக்கும் வண்டி, நன்றாக ஓடும் எஞ்சினோடு மட்கிய சேஸி இருக்கும் வண்டியைவிடப் பெரும்பாலும் மலிவாக முடியும்.

அதற்குப் பிறகு பாகங்கள். வில்லிஸ், லேண்ட் ரோவர் இரண்டுக்கும் புதிதாகச் செய்த பாகங்கள் ஏராளம். வில்லிஸுக்கு முழு பாடி டப்பே (தொட்டி போன்ற உடல் பகுதி) புதிதாகக் கிடைக்கிறது, லேண்ட் ரோவருக்கு முழு சேஸியே கிடைக்கிறது. எஃப்ஜே40-ன் பாடி எஃகு. பின்சக்கர வளைவு, கதவுக்குக் கீழே உள்ள பகுதி, கண்ணாடிச் சட்டத்தின் அடி ஆகிய இடங்களில் இரண்டு தகடுகளுக்கு நடுவே துரு வளரும். அங்கே டிங்கர் வேலை அதிகம், நல்ல கை வேண்டும். எஞ்சினும் கியர்பாக்ஸும் நீண்ட ஆயுள் உள்ளவை என்பது அதற்கு ஆறுதல்.

போர்க்கால வண்டியை அச்சு அசலாகக் கொண்டுவர ஆசைப்பட்டால் கணக்கே வேறு. 1941 முதல் 1945 வரை வில்லிஸ் எம்பி (MB) மாடலும், அதே வடிவமைப்பில் ஃபோர்டு செய்த ஜிபிடபிள்யூ (GPW) மாடலும் வந்தன. ஃபோர்டு தன் பாகங்களில், போல்ட் தலையில்கூட, எஃப் எழுத்தைப் பொறித்தது. அசல் வேண்டும் என்பவர்கள் அந்த எழுத்துள்ள போல்ட்டைத் தேடித் தேடிச் சேர்க்கிறார்கள். ஓடுவதற்கு எந்த நல்ல போல்ட்டும் போதும். வண்டியை வாங்கும் முன்பே இந்த இரண்டில் எது உங்கள் நோக்கம் என்று முடிவு செய்யுங்கள். பாதி வேலை முடிந்த பிறகு அசலுக்கு மாறுகிறவர்கள் ஒரே பாகத்தை இரண்டு முறை வாங்குகிறார்கள்.

கேள்வி: சேஸியில் மூன்று நான்கு இடத்தில் ஓட்டை. ஒட்டுப் போட்டால் போதுமா, முழுதாக மாற்ற வேண்டுமா?

சுத்தியலால் சேஸி முழுக்கத் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும், மட்கியது மந்தமாக ஒலிக்கும், சில இடத்தில் சுத்தியல் உள்ளேயே இறங்கிவிடும். பின் குறுக்குச் சட்டம், பாடியைத் தாங்க வெளியே நீளும் கைகள், ஸ்பிரிங் பிடிமானங்கள் ஆகிய இடங்களில் கவனம் வையுங்கள். பின் குறுக்குச் சட்டம் மட்டும் போயிருந்தால் அதை வெட்டி மாற்றலாம், அது வழக்கமான வேலை. ஸ்பிரிங் பிடிமானங்களைச் சுற்றி இரண்டு மூன்று இடத்தில் போயிருந்தால் நான் ஒட்டுப் போட மாட்டேன். வெல்டிங் பிடிக்க நல்ல இரும்பைத் தேடிக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிக்கொண்டே போக வேண்டிவரும். அந்தக் கூலி புதிய சேஸியின் விலையைத் தொட்டுவிடும். நேர்கோடும் தப்பிப்போகும்.

புதிய சேஸி என்றால் உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுத்ததாக, அதாவது ஹாட் டிப் கால்வனைஸ் செய்ததாக வாங்குங்கள். துத்தநாகம் உள்பக்கத்திலும் படியும், பெயிண்ட் அங்கே எட்டாது. மரைத் துளைகளில் துத்தநாகம் அடைத்திருக்கும், மரை வெட்டும் டேப் கருவியை விட்டுச் சுத்தம் செய்ய நேரம் ஒதுக்குங்கள்.

வெட்டும் முன் ஒரு வேலை பாக்கி. சேஸி எண்தான் வண்டியின் அடையாளம். சேஸி மாற்றினால் பதிவு என்னவாகும் என்பதற்கு நாட்டுக்கு நாடு விதி வேறு. பதிவு அலுவலகத்தில் எழுத்தில் பதில் வாங்காமல் பழைய சேஸியில் கை வைக்காதீர்கள்.

கேள்வி: பெயிண்டை முதலில் முடித்துவிட்டால் வீட்டில் எல்லோருக்கும் நம்பிக்கை வரும் என்று நினைக்கிறேன். செய்யலாமா அண்ணா?

வேண்டாம். எஞ்சினை இறக்கும்போது கீறும், பிரேக் ஆயில் சிந்தினால் பெயிண்ட் உரியும். இரண்டாம் முறை அடிக்கக் காசு எடுத்து வைக்க வேண்டியிருக்கும்.

கேள்வி: எஞ்சின் புகைகிறது. பார்த்தவர்கள் எல்லோரும் இறக்கிப் போர் (bore) பண்ண, அதாவது சிலிண்டர் துளையைக் கடைந்து பெரிதாக்கச் சொல்கிறார்கள். வேறு வழி உண்டா?

இறக்கும் முன் கம்ப்ரஷனை, அதாவது சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தத்தை, அளந்து பாருங்கள். எல்லா சிலிண்டரையும் ஒருமுறை, பிறகு ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி எஞ்சின் ஆயில் விட்டு இன்னொரு முறை. ஆயில் விட்டதும் அளவு நன்றாக ஏறினால் பிஸ்டன் ரிங்கோ சிலிண்டர் துளையோ தேய்ந்திருக்கிறது. ஏறவில்லை என்றால் வால்வு அல்லது கேஸ்கெட் பக்கம் கோளாறு. ஹெட் வேலையோடு முடியலாம். கம்ப்ரஷன் எல்லாவற்றிலும் சரியாக இருந்து, நீண்ட நேரம் நின்ற பிறகு ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் நீலப்புகை வந்தால், மேலே வால்வு உள்ள எஞ்சினில் முதலில் வால்வு கைடையும் (வால்வுத் தண்டு நகரும் குழாய்) ஆயில் சீலையும் பார்க்க வேண்டும். சோதனைக்கு ஆகும் செலவு மிகச் சிறியது. இதைச் செய்யாமல் இறக்கிய எஞ்சின்கள் நிறைய வருகின்றன, எனக்கு அதில் வருத்தம் உண்டு.

திறக்கத்தான் வேண்டும் என்றால், அளவு எடுத்து முடிக்கும்வரை பிஸ்டன் வாங்காதீர்கள். வில்லிஸின் 134 கன அங்குல எஞ்சினுக்கு 0.020, 0.030, 0.040 அங்குலம் என்று அசலைவிடப் பெரிய ஓவர்சைஸ் பிஸ்டன்கள் உண்டு. யாரோ ஏற்கெனவே ஒன்றிரண்டு முறை போர் செய்திருப்பார்கள். எவ்வளவு இடம் மீதி என்பதை லேத்காரர் அளந்துதான் சொல்ல முடியும். கடைசி அளவையும் தாண்டியிருந்தால் சிலிண்டருக்குள் புதிய உருளையான ஸ்லீவ் போட வேண்டும். பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டும் இப்படியே, அளந்த பிறகுதான் பாகம் வாங்க வேண்டும். பிளாக்கிலும் ஹெட்டிலும் விரிசல் இருக்கிறதா என்று எல்லாவற்றுக்கும் முன்னால் பார்த்துவிடச் சொல்லுங்கள். போர் பண்ணி முடித்த பிறகு விரிசல் தெரிந்தால் அந்தக் கூலி முழுதும் வீண். ஈயம் கலந்த பெட்ரோல் காலத்து ஹெட் என்றால், திறந்திருக்கும்போதே கடினமான எக்ஸாஸ்ட் வால்வு சீட் போட்டுவிடுவது நல்லது.

கேள்வி: இவ்வளவு தொல்லை எதற்கு? புது டீசல் எஞ்சினும் பவர் ஸ்டியரிங்கும் போட்டால் மலிவாக முடியாதா?

எஞ்சின் மட்டும் மலிவாகக் கிடைக்கும். பிறகு அதற்கு மவுண்ட், அடாப்டர் பிளேட், கிளட்ச், ரேடியேட்டர், எக்ஸாஸ்ட், எரிபொருள் குழாய், வயரிங். வில்லிஸின் அசல் எஞ்சின் 60 குதிரைத் திறன். அதைவிடப் பல மடங்கு முறுக்கு விசை வந்தால் கியர்பாக்ஸும் ஆக்ஸில் ஷாஃப்டும் தாங்காது. அவற்றை மாற்றினால் புரொபெல்லர் ஷாஃப்ட்டின் நீளம் மாறும். வேகம் கூடியதும் டிரம் பிரேக் போதாது. டிஸ்க் பிரேக் போட்டால் வீலும் மாற வேண்டிவரலாம். இதற்கெல்லாம் அனுமதி வேண்டுமா என்பது தனிக் கேள்வி. தினமும் நெடுந்தூரம் ஓட்டப்போகிறவருக்கு இது நியாயமான தேர்வு, அப்படிச் செய்த நல்ல வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். செலவைக் குறைக்கத்தான் என்றால் இந்த வழியில் இறங்காதீர்கள்.

கேள்வி: கூலியைக் குறைக்க நானே இறங்கலாம் என்று இருக்கிறேன். எதைச் செய்யலாம், எதை விடலாம்?

கழற்றுவது, சுத்தம் செய்வது, புகைப்படம் எடுப்பது, போல்ட்டுகளைப் பையில் போட்டுப் பெயர் எழுதுவது, வயரிங், சீட், திரும்பப் பூட்டுவதில் பெரும்பகுதி – இவற்றை நீங்களே செய்யுங்கள். மணிக்கணக்கை விழுங்குவது இந்த வேலைகள்தான். சேஸி வெல்டிங், லேத் வேலை, டிஃபரன்ஷியலில் கியர் செட் பண்ணுவது, இவற்றைத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

கருவிச் செலவையும் கணக்கில் எழுதுங்கள். ஆரம்ப கால லேண்ட் ரோவரில் பிஎஸ்எஃப் என்ற பிரிட்டிஷ் அளவு மரை நிறைய வரும், வில்லிஸில் அமெரிக்க மரை, எஃப்ஜே40-ல் மெட்ரிக். தவறான ஸ்பேனர் நட்டின் முனையை மழுக்கிவிடும், பிறகு அதை வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

பாதுகாப்பில் கண்டிப்பாக இருங்கள். பழைய பிரேக் லைனிங்கிலும் கிளட்ச் பிளேட்டிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். டிரம்மைத் திறந்து காற்றடித்துத் தூசியைக் கிளப்பாதீர்கள், ஈரத் துணியால் துடைத்து மூடிப் போடுங்கள். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம், உலர்வாகத் தேய்க்காதீர்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகவே கூடாது, ஸ்டாண்ட் வைத்த பிறகுதான்.

கேள்வி: விற்றால் போட்ட பணம் திரும்புமா?

கூலி கொடுத்துச் செய்த முழுப் புதுப்பிப்பில் பெரும்பாலும் திரும்பாது. அரிய மாடலோ, தெளிவான வரலாறு உள்ள வண்டியோ விதிவிலக்காகலாம். லாபத்துக்காக என்றால் வேண்டாம் என்றே சொல்வேன்.

கேள்வி: அப்பா ஓட்டிய சிஜே-3பி ஜீப். அவர் இப்போது இல்லை. ஓடுகிறது, ஆனால் பிரேக் சரியில்லை, பெயிண்ட் மங்கிவிட்டது. புதிது போல் ஆக்கித் தருவதாக ஒரு பட்டறையில் சொன்ன தொகை என் சக்திக்கு மீறியது. என்ன செய்யட்டும் சார்?

ஓடுகிற வண்டியைக் கழற்றிப் பரப்பாதீர்கள் அம்மா. முதலில் பிரேக்: மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர், ஹோஸ், இரும்புக் குழாய்கள் அனைத்தும் புதிது. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரம் இழுக்கும், பழைய குழாய் உள்ளிருந்து துருப்பிடித்திருக்கும், அதனால் பாதி மாற்றுவது வீண். அடுத்து ஸ்டியரிங் இணைப்புகள், வீல் பேரிங். பிறகு டயர். பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு இலக்கம் டயர் தயாரான வாரம், கடைசி இரண்டு ஆண்டு. பட்டன் ஆழமாக இருந்தாலும் வயதான ரப்பர் ஆபத்து. அதற்குப் பிறகு எரிபொருள் குழாய்களும் வயரிங்கும். ஒவ்வொன்றும் முடிந்ததும் வண்டி திரும்ப ஓட வேண்டும். கையில் பணம் சேரும்போது அடுத்தது.

பெயிண்டைத் தொடாதீர்கள். துரு உள்ள இடத்தை மட்டும் சுத்தம் செய்து பிரைமர் கொடுங்கள். அவர் கை தேய்ந்த ஸ்டியரிங்கும், ஏறி இறங்கி மழுங்கிய விளிம்பும் புதிய பெயிண்டுக்குக் கீழே போனால் எவ்வளவு செலவழித்தாலும் திரும்பாது. முழுப் புதுப்பிப்பு பின்னாளிலும் செய்யலாம். உங்களுக்கு நான் சொல்லும் பட்டியலில் முதல் மூன்றுக்கு மட்டும் தனி மதிப்பீடு கேளுங்கள்.

கேள்வி: என் வண்டி இரண்டு ஆண்டாகப் பெட்டிகளில் கிடக்கிறது. காசு தீர்ந்துவிட்டது. விற்கவா, தொடரவா?

கழற்றிக் கிடக்கும் வண்டியை வாங்குகிறவர், காணாமல் போன பாகங்களையும் மனதில் கழித்துக்கொண்டுதான் விலை கேட்பார். விற்பதாக இருந்தாலும் முதலில் எல்லாப் பெட்டிகளையும் திறந்து, இருப்பது இல்லாதது என்று ஒரு பட்டியல் எழுதுங்கள். பிறகு சேஸியில் ஆக்ஸில், ஸ்பிரிங், சக்கரம் பூட்டி உருளும் நிலைக்குக் கொண்டுவாருங்கள். அதற்குப் பெரும்பாலும் கையில் உள்ள பாகங்களே போதும், உழைப்புதான் தேவை. நான்கு சக்கரத்தில் நின்ற பிறகு அந்தப் பட்டியலுக்கு விலை போட்டுப் பாருங்கள். ஓராண்டில் சேர்க்கக்கூடிய தொகைக்குள் வந்தால் தொடருங்கள். வராவிட்டால் பட்டியலோடும் புகைப்படங்களோடும் விற்றுவிடுங்கள். வாங்குகிறவருக்கும் அது உதவும்.